வால்வும் வரலாறும்: அல்ஜஸரீ எழுதியதும் நாம் பகிர்வதும்



எஞ்சினின் கிராங்க்கைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம், வால்வைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம், ரோபோவைக் கண்டுபிடித்தவரும் ஒரு முஸ்லிமே, உலகம் இதை மறைத்துவிட்டது என்னும் பொருள்பட ஒரு செய்தி நம் குடும்பக் குழுக்களில் ஆண்டுதோறும் வலம் வருகிறது. யானையின் மேல் கடிகாரம் அமர்ந்திருக்கும் ஒரு பழைய வண்ண ஓவியமும் அதனோடு சேர்ந்தே வரும். அதில் சொல்லப்படும் பெயர் அல்ஜஸரீ. மதரஸாவில் மாணவர்கள் அதைக் காட்டி, “ஹஸ்ரத், இது உண்மையா?” என்று கேட்கிறார்கள். ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் இதற்கு விடை இல்லை. இதே பிள்ளைகள் நாளை பொறியியல் கல்லூரிக்குப் போவார்கள். அங்கே நூலகத்தில் ஒரு வரலாற்று நூலைப் புரட்டி, நாம் சொன்னதில் பாதி மிகைப்படுத்தப்பட்டது என்று கண்டால், மீதிப் பாதியையும் நம்ப மறுப்பார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு செய்தி வந்தால் அதன் ஸனதைக் கேட்பது நம் மரபு. யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், இருவரும் சந்தித்தார்களா என்று துருவிப் பார்த்த பின்பே நம் முன்னோர் ஒரு ஹதீஸை ஏற்றனர். மார்க்கச் செய்தியின் கண்ணியம் வேறு, இயந்திரக் கதையின் தரம் வேறு. ஆயினும் ஸனதைக் கேட்கும் பழக்கத்தை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு மற்றோரிடத்தில் கழற்றி வைப்பது பொருத்தமாகாது.

வால்விலிருந்து தொடங்குவோம். வால்வு என்பது நீருக்கோ காற்றுக்கோ போடும் கதவு. ஒரு பக்கம் தள்ளினால் திறக்கும், மறுபக்கம் தள்ளினால் தானே மூடிக்கொள்ளும். கிணற்று மோட்டாரின் குழாய் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு அப்படிப்பட்டது. பள்ளிவாசல் மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் ஒரு பந்து மிதந்துகொண்டு, தொட்டி நிறைந்ததும் குழாயை அடைக்கிறதே, அது வேறு வகை. இவ்விரு வகைகளும் இஸ்லாத்தின் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்கர்களிடம் இருந்தன. இஸ்கந்தரிய்யா எனப்படும் அலெக்ஸாந்திரியாவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேஸிபியஸ் என்பவர் வால்வு பொருத்திய இரட்டை உருளைப் பம்பைச் செய்தவராக அறியப்படுகிறார். அதே நகரத்தின் ஹெரோன் மிதவையைக் கொண்டு திறந்து மூடும் பாத்திரங்களை விவரித்தார். எனவே வால்வைக் கண்டுபிடித்தவர் முஸ்லிம் என்பது முதலடியிலேயே தவறாகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஹெரோனின் இயந்திரவியல் நூலைக் குஸ்தா இப்னு லூக்கா என்னும் கிறித்தவ அறிஞர் 9ஆம் நூற்றாண்டில் அரபியில் மொழிபெயர்த்தார். கிரேக்க மூலம் பின்னாளில் தொலைந்துபோனது. இன்று அந்த நூல் முழுமையாக நம் கைக்குக் கிடைப்பது அந்த அரபி மொழிபெயர்ப்பின் வழியாகத்தான். ஒரு சமுதாயம் தனக்கு முன்னிருந்தோரின் அறிவைப் பெற்றுக் காப்பாற்றுவதும் ஒரு தொண்டே. “நாம்தான் கண்டுபிடித்தோம்” என்று சொல்லும் அவசரத்தில் இந்தத் தொண்டை நாமே மறைத்துவிடுகிறோம்.

அந்த நூற்றாண்டின் பக்தாதில் மூன்று சகோதரர்கள் இருந்தனர். முஹம்மது, அஹ்மது, ஹஸன். மூஸா இப்னு ஷாகிரின் மைந்தர்கள் ஆதலால் பனூ மூஸா என்றே வரலாறு அவர்களை அழைக்கிறது. தந்தை வானவியல் அறிந்தவர். இளமையில் குராஸான் நெடுஞ்சாலையில் வழிப்பறி செய்தவர் என்றும் ஒரு செய்தி உண்டு. அவர் இறந்தபின் கலீஃபா மஃமூன் பிள்ளைகளைப் பொறுப்பேற்று வளர்த்தார். பைத்துல் ஹிக்மாவில் கற்ற அம்மூவரும் வானவியல், வடிவ கணிதம், இயந்திரவியல் ஆகியவற்றில் வல்லவராயினர். சுமார் கி.பி. 850இல் அவர்கள் எழுதிய ‘கிதாபுல் ஹியல்’ ஏறத்தாழ நூறு சாதனங்களை விவரிக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை அஹ்மதின் கைவண்ணம் என்பது ஆய்வாளர் கருத்து.

ஹியல் என்றால் தந்திரங்கள். பெயருக்கு ஏற்ப, பலவும் விருந்தினரை வியக்க வைக்கும் பாத்திரங்களே. ஒரே குழாயிலிருந்து ஒருமுறை வெந்நீரும் மறுமுறை தண்ணீரும் வரும். எடுக்க எடுக்கத் தொட்டி தானே நிரம்பும். வேடிக்கை என்று இவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். இந்த வேடிக்கைக்குள்தான் கூம்பு வால்வு இருக்கிறது. கூம்பு வடிவ அடைப்பான் ஒன்று, அதற்கு ஏற்பக் குடையப்பட்ட இருக்கை ஒன்று. மிதவை எழும்பினால் அடைப்பான் இருக்கையில் அமரும்; தாழ்ந்தால் விலகும். குழாய்த் தொடரின் நடுவே, மனிதர் கை படாமல் தானே இயங்கும் உறுப்பாக இக்கூம்பு வால்வை அந்தச் சகோதரர்கள் மீண்டும் மீண்டும், வெவ்வேறு இணைப்புகளில் பயன்படுத்தினர். கிரேக்கரிடம் பெற்ற விதை அவர்கள் கையில் ஒரு முறைமையாக வளர்ந்தது. நூலைப் படிப்பவருக்கு இது ஐயமின்றி விளங்கும்.

இச்சகோதரர்களைப் பற்றிய மற்றொரு செய்தியையும் சொல்லிவிடுவது நேர்மை. 13ஆம் நூற்றாண்டின் மருத்துவரும் வரலாற்றாசிரியருமான இப்னு அபீ உஸைபிஆ இதைப் பதிவு செய்துள்ளார். கலீஃபா முதவக்கில் தம் புதிய நகரத்திற்குக் கால்வாய் வெட்டும் பணியை முஹம்மதிடமும் அஹ்மதிடமும் ஒப்படைத்தார். அவர்கள் அதைப் புகழ்பெற்ற வானவியலாளர் ஃபர்கானீயிடம் விட்டனர். அவர் கால்வாயின் தொடக்கத்தை மற்ற பகுதியைவிட ஆழமாக வெட்டிவிட்டார், நீர் ஏறவில்லை. கலீஃபா சினந்து, ஸனத் இப்னு அலீ என்ற பொறியாளரைச் சோதிக்க அனுப்பினார். அந்த ஸனதையும் தத்துவ அறிஞர் கிந்தீயையும் அரண்மனையில் ஓரம் கட்டியவர்கள் இதே சகோதரர்கள்தாம். கிந்தீயின் நூலகத்தையே அவர்கள் பறித்து வைத்திருந்தனர். இப்போது அதே ஸனதிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. முதலில் கிந்தீயின் கிதாபுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்றார் ஸனத். கொடுத்தனர். அதன்பின் அவர், திஜ்லா நதியில் வெள்ளம் ஏறியிருந்த சில மாதங்களுக்குப் பிழை தெரியாது என்பதை அறிந்து, கால்வாயில் குறையில்லை என்று கலீஃபாவிடம் சொன்னார். வெள்ளம் வடிவதற்குள், கி.பி. 861இல் முதவக்கில் கொல்லப்பட்டார். உயிர்கள் தப்பின. அறிவுலகில் உயர்ந்தவர்களும் பொறாமைக்கும் பதவி ஆசைக்கும் ஆட்பட்ட மனிதர்களே என்பதை நம் பழைய நூல்கள் மறைக்காமல் எழுதின. இக்காலச் செய்திப் பகிர்வுகளில்தான் எல்லோரும் மலக்குகளாக ஆகிவிடுகிறார்கள்.

இனி அல்ஜஸரீ. பதீஉஸ் ஸமான் அபுல் இஸ் இஸ்மாயீல் இப்னுர் ரஸ்ஸாஸ் அல்ஜஸரீ என்பது முழுப்பெயர். திஜ்லாவுக்கும் ஃபுராத்துக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்திற்கு அரபியர் ‘ஜஸீரா’ என்று பெயரிட்டிருந்தனர். அப்பகுதியைச் சேர்ந்தவர் ஆதலால் அல்ஜஸரீ. இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகருக்கு அன்று ஆமித் என்று பெயர். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபீ கி.பி. 1183இல் அந்நகரைக் கைப்பற்றி அர்துகிய்யா குடும்பத்தாருக்கு அளித்தார். அக்குடும்பத்தின் தந்தை, மூத்த மகன், பின் இளைய மகன் நாஸிருத்தீன் மஹ்மூது என மூன்று ஆட்சியாளர்களிடம் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பணிபுரிந்தவர் அல்ஜஸரீ. செய்த சாதனங்கள் வீணாகப் போய்விடாமல் எழுதி வைக்குமாறு நாஸிருத்தீன் பணித்தார். ஹிஜ்ரி 602இல், அதாவது 1206இல், நூல் நிறைவுற்றது. ஐம்பது சாதனங்கள், ஆறு வகைகள்.

இந்த ஐம்பதில் பத்து, விருந்து மஜ்லிஸ்களில் பானம் பரிமாறும் பாத்திரங்கள். மதுவுக்கானவையும் அவற்றுள் உண்டு. பெருமைச் செய்திகளில் இந்தப் பகுதி வராது. அரண்மனைகளில் நடந்தது நடந்ததுதான். அதை ஹலாலாக்குவதும் நம் வேலையன்று, இல்லை என்பதும் நம் வேலையன்று. மனித உருவப் பொம்மைகள் பற்றிய ஃபிக்ஹுச் சட்டமும் தனி. இங்கே அதற்குள் நாம் போகவில்லை. அதே நூலில் உளூச் செய்வதற்கான சாதனங்களும் உள்ளன. பணியாளோ அடிமைப் பெண்ணோ தம் கையில் நீர் ஊற்றுவதை மன்னர் விரும்பவில்லை என்றும், அதனால்தான் அத்தகைய ஒன்றைச் செய்யப் பணிக்கப்பட்டதாகவும் அல்ஜஸரீ குறிப்பிடுகிறார். மயில் அமைந்த கைகழுவும் தொட்டி ஒன்றில், பயன்படுத்திய நீர் கீழ் அறையில் சேரச் சேர மிதவை உயர்கிறது. அது ஓர் உயரத்தை அடைந்ததும் கதவு திறந்து, சோப்புத்தூள் ஏந்திய பொம்மை வெளிவருகிறது. மேலும் உயர்ந்ததும் துண்டு ஏந்திய பொம்மை வருகிறது. தொட்டியில் பந்தை உயர்த்தும் அதே நீர்தான் இங்கே பணியாளையும் வரவழைக்கிறது.

நமக்கு இந்த நூலில் மிகவும் மதிப்பிற்குரியது ஐந்தாம் வகையில் கடைசியாக வரும் நீரேற்றும் பம்பு. ஓடும் ஆற்றின் விசையைக் கொண்டே ஆற்று நீரை ஏறத்தாழ 20 முழ உயரத்திற்கு ஏற்றுவது அதன் வேலை. அது இயங்கும் விதத்தைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால் அல்ஜஸரீயின் உண்மையான உயரம் தெரியும்.

ஆற்றில் ஒரு துடுப்புச் சக்கரம் சுழல்கிறது. அதன் அச்சிலுள்ள பற்சக்கரம் மற்றொரு பற்சக்கரத்தைத் திருப்புகிறது. இந்த இரண்டாம் சக்கரத்தின் முகப்பில், நடுவை விட்டு விலகி, ஒரு முளை நிற்கிறது. அந்த முளை, ஒரு முனையில் பொருத்தப்பட்ட நீண்ட தண்டின் பிளவுக்குள் நுழைந்திருக்கிறது. சக்கரம் முழுவட்டமாகச் சுற்ற, தண்டோ சுற்ற இயலாமல் இடமும் வலமுமாக ஆடுகிறது. தண்டின் இருபுறமும் இரண்டு பிஸ்டன்கள், எதிரெதிராகப் படுத்திருக்கும் இரண்டு செம்பு உருளைகளுக்குள் செல்கின்றன. தண்டு இடப்புறம் சாய்ந்தால் இடப்பக்கப் பிஸ்டன் நீரை மேலே தள்ளும். அதே நொடியில் வலப்பக்கப் பிஸ்டன் ஆற்றிலிருந்து நீரை உறிஞ்சும். வலப்புறம் சாய்ந்தால் வேலைகள் மாறிக்கொள்ளும். ஆக, நீர் இடைவிடாமல் ஏறும். ஒவ்வோர் உருளைக்கும் உறிஞ்சும் குழாயில் ஒரு வால்வு, வெளியேற்றும் குழாயில் ஒரு வால்வு. ஏறிய நீர் திரும்பி இறங்காது. வெளியேற்றும் குழாய்கள் இரண்டும் மேலே ஒன்றாகச் சேர்கின்றன.

பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே நீர் கசியக்கூடாதே, அதற்கு என்ன செய்தார்? இரண்டு செம்பு வட்டுகளைச் சிறு இடைவெளி விட்டு ஒரே தண்டில் பொருத்தி, அந்த இடைவெளியில் சணல் கயிற்றைச் சுற்றி நிரப்பினார். நம் தெருக்களில் அடிபம்பின் கைப்பிடியை அடித்து நீர் இறைத்தவர்களுக்கு, உள்ளே தோல் வாஷர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் நீர் வராது என்பது தெரியும். அந்தத் தோல் செய்யும் வேலையை அங்கே சணல் செய்தது.

இதில் எது பழையது, எது புதியது? இரண்டு உருளைகளும் வால்வும் பழையவை. தேஸிபியஸின் பம்பில் உருளைகள் செங்குத்தாக நின்றன, கையால் இயக்கப்பட்டன, நீருக்குள்ளேயே அமிழ்ந்திருந்தன. அல்ஜஸரீயின் பம்பில் உருளைகள் நீருக்கு மேலே இருந்தன. தனிக் குழாய் வழியாகக் கீழிருந்து நீரை உறிஞ்சின. சுழற்சி, முன்பின் அசைவாக மாற்றப்பட்டது. ஓர் உருளை தள்ளும்போது மற்றொன்று உறிஞ்சுமாறு ஒரே அசைவுக்கு இரட்டை வேலை தரப்பட்டது. இம்மூன்றும் ஒரே இயந்திரத்தில் சேர்ந்து, எழுத்திலும் படத்திலும் விளக்கப்பட்டு நமக்குக் கிடைப்பது அல்ஜஸரீயின் நூலில்தான்.

கிராங்க் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். துருக்கியின் பாமுக்கலே அருகே ஹியராபோலிஸ் என்ற பழைய நகரம் உண்டு. அங்குள்ள 3ஆம் நூற்றாண்டுக் கற்பேழை ஒன்றில், நீர்ச் சக்கரத்தால் இயங்கும் கல்லறுக்கும் ஆலை செதுக்கப்பட்டிருக்கிறது. சக்கரத்தின் சுழற்சியை இணைப்புத் தண்டின் வழியே வாளின் முன்பின் அசைவாக மாற்றும் கிராங்க் அமைப்பு அதில் இருப்பதை ஆய்வாளர்கள் 2007இல் விளக்கி எழுதினர். ஜோர்தானின் ஜரஷ் நகரில் 6ஆம் நூற்றாண்டு ஆலை ஒன்றின் எச்சமும் உண்டு. ஆகவே அல்ஜஸரீக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் கருத்து நடைமுறையில் இருந்தது. அவருடைய மற்றொரு நீரேற்றியிலும் கிராங்க் வருகிறது. விலங்கு இழுக்கும் சக்கரத்தின் கிராங்க் முனை, நீர் அள்ளும் துலாவின் அடியிலுள்ள பிளவில் ஓடி அதை ஏற்றி இறக்குகிறது. கிராங்க்கை அழகாகப் பயன்படுத்தியவர், தெளிவாக எழுதி வைத்தவர் என்று சொன்னால் அது ஸஹீஹான செய்தி. முதன்முதலில் கண்டவர் என்று சொன்னால் அதற்கு ஸனத் இல்லை. அவருடைய பம்பிலிருந்து நேரே ஐரோப்பிய நீராவி எஞ்சின் பிறந்தது என்ற கூற்றும் அப்படியே. அந்நூல் இடைக்காலத்தில் லத்தீனுக்குப் போனதற்குச் சான்றில்லை.

அல்ஜஸரீ தாமே இந்த வகைப் பெருமையைத் தேடவில்லை. தமக்கு முன்னிருந்தோரின் நூல்களைப் படித்ததாக முன்னுரையில் எழுதுகிறார். கடிகாரம் ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது, ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கும் நூலைப் பின்பற்றியதாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். செய்து பார்த்து உறுதிப்படுத்தப்படாத தொழிற்கலை சரிக்கும் தவறுக்கும் நடுவே தொங்குகிறது என்பது அவருடைய நிலைப்பாடு. அந்த நிலைப்பாடு அவருக்கு எவ்வளவு உழைப்பைக் கொடுத்தது என்பதற்கு நீர்க் கடிகாரமே சாட்சி.

அந்நாளைய பொழுதுக் கணக்கில் சூரிய உதயம் முதல் மறைவு வரை பன்னிரண்டு மணிகள். கோடையில் ஒரு மணி நீளும், குளிரில் சுருங்கும். எனவே நாளுக்கு நாள் நீர் வடியும் வேகத்தை மாற்ற வேண்டும். முதலில், தொட்டியில் நீரின் அளவு ஏறி இறங்கினாலும் துளையின் மேல் விழும் அழுத்தம் மாறாமல் இருக்க, மிதவையோடு இணைந்த கூம்பு வால்வு வைத்தார். பனூ மூஸாவின் வேடிக்கைப் பாத்திரத்தில் நாம் கண்ட உறுப்பு இங்கே நேரத்தைக் காக்கிறது. அடுத்து, துளையை ஒரு வட்டின் மேல் சுழற்றி உயர்த்தவும் தாழ்த்தவும் வகை செய்தார். பழைய நூல் அந்த அளவுகளை அரைவட்டத்தில் குறித்திருந்தது. அப்படியே செய்து பார்த்தார், நேரம் பொருந்தவில்லை. வேறு விதங்களிலும் முயன்றார், அவையும் பொருந்தவில்லை. இறுதியில் தாமே சோதித்துச் சோதித்து முழுவட்டத்தில் அளவுகளைக் குறித்தார். ஆர்க்கிமிடீஸ் என்ற பெயருக்காகப் பிழையை ஏற்கவுமில்லை, பிழை கண்டதற்காக அந்தப் பெயரை மறைக்கவுமில்லை. அந்த யானைக் கடிகாரத்தின் வயிற்றிலும் அடியில் துளையிட்ட ஒரு கிண்ணம் நீரில் மெல்ல அமிழ்ந்து அரைமணியை அளக்கிறது. நம் நாட்டு நாழிகை வட்டிலும் அதே கொள்கையில்தான் இயங்கியது.

பட்டறைக்காரர்கள் படித்தால் மகிழும் செய்தி ஒன்றும் இந்நூலில் இருக்கிறது. கூம்பு வால்வின் அடைப்பானும் இருக்கையும் வார்ப்பிலிருந்து வந்தபடியே பொருந்திவிடாது. இரண்டுக்கும் நடுவே எமரித் தூளை இட்டு, ஒன்றின்மேல் ஒன்றை நீர் கசியாத அளவுக்குத் தேய்க்கச் சொல்கிறார் அல்ஜஸரீ. இன்று லாரிப் பட்டறையில் எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், வால்வில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி இருக்கையில் வைத்து உருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். எமரித் தூளின் வன்மைக்குக் காரணம் அதிலுள்ள குருந்தக்கல். அக்கல்லை ஆங்கிலேயர் கொரண்டம் என்று அழைப்பது நம் ‘குருந்தம்’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது. மூடிய பெட்டியில் ஈர மணலைத் திணித்து உலோகம் வார்ப்பது, மரம் முறுக்கிக்கொள்ளாதிருக்கப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது, பெரிய சக்கரங்களை நிறுவுமுன் ஒரு பக்கம் கனக்காதபடி சமன் பார்ப்பது ஆகியவற்றையும் விளக்குகிறார். நம் கருத்தில், ‘முதலில் செய்தவர்’ என்ற பட்டத்தைவிட இந்தப் பக்கங்கள் பெரியவை. அரசர்களுக்காக உழைத்தவர், தொழிலாளி படித்துச் செய்யுமாறு எழுதினார். தொழில் ரகசியம் என்று ஒளிக்கவில்லை.

வால்வைப் போலவே மூட்டுக்கும் ஒரு கதை உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வெள்ளி பதித்த பித்தளை உருண்டை ஒன்று இருக்கிறது. பத்ருத்தீன் பைஸரீ என்னும் மம்லூக் அமீருக்காக 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்ட சாம்பிராணிக் கலம் அது. உருண்டையைத் திறந்தால் உள்ளே நெருப்புக் கிண்ணம் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்றாகச் செங்குத்து அச்சுகளில் சுழலும் வளையங்களில் தொங்குகிறது. உருண்டையை எப்படி உருட்டினாலும் கிண்ணம் கவிழாது, கங்கு சிந்தாது. கப்பலின் திசைகாட்டியை அலைகளுக்கு நடுவே நேராக நிறுத்தியதும் இதே வளைய மூட்டுதான். லாரியின் நீண்ட ஷாஃப்ட்டில் மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்று சொல்லும் மூட்டு இதன் உறவுக்காரன். ஐரோப்பியர் இதற்குக் கார்தானோ என்ற 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரின் பெயரை இட்டனர். அவருக்கு முன்பே நம் அமீரின் கலம் இருந்தது என்று மகிழ்வோம், தவறில்லை. ஆனால் அதற்கும் முன்பே சீனத்தின் தாங் அரசர் காலத்து வெள்ளிச் சாம்பிராணி உருண்டைகள் இதே வளையங்களோடு கிடைத்திருக்கின்றன. நேர்மையாகக் கணக்கிட்டால் முந்தியவர் சீனரே.

தாங்கி எனப்படும் பேரிங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிரியாவின் ஹமா நகரில் ஆஸி நதியின்மேல் பெரும் மரச் சக்கரங்கள் நீரை அள்ளி உயர்ந்த கால்வாய்களில் கொட்டின. அவற்றை நாஊரா என்பர். மிகப் பெரியதான முஹம்மதிய்யா சுமார் 21 மீட்டர் விட்டமுடையது; 1361இல் கட்டப்பட்டு நகரின் பெரிய பள்ளிவாசலுக்கு நீர் தந்தது. மர அச்சு மரத் தாங்கியின்மேல் உராயும் ஒலி, ஊர் முழுவதும் அழுகைபோலக் கேட்குமாம். பேரிங் இல்லாத உலகத்தின் குரல் அது.

அல்ஜஸரீக்குப் பின் மூன்றரை நூற்றாண்டு கழித்து, திமிஷ்கில் பிறந்த தகீயுத்தீன் என்ற அறிஞர் தம் 1551ஆம் ஆண்டு நூலில் ஆறு உருளைப் பம்பு ஒன்றை விவரித்தார். பின்னாளில் இஸ்தான்பூலில் வானாய்வுக்கூடம் அமைத்தவர் இவர்தான். ஒரே மரக்கட்டையில் ஆறு உருளைகள் வரிசையாகக் குடையப்பட்டன. நீர்ச் சக்கரத்தின் நீண்ட அச்சில் ஆறு முட்டுகள், ஒரே நேரத்தில் வராதபடி சுற்றிலும் விலகி விலகி அமைந்தன. ஒவ்வொரு முட்டும் முறை வரும்போது ஒரு நெம்புகோலை அழுத்திப் பிஸ்டனை உயர்த்தும்; அப்போது அடி வால்வு திறந்து நீர் உள்ளே வரும். முட்டு விலகியதும், பிஸ்டன் தண்டின் தலையில் வைத்த ஈயக் கட்டி தன் எடையாலேயே பிஸ்டனை இறக்கி நீரை மேலேற்றும். ஏற வேண்டிய நீர்த் தூணைவிட ஈயம் கனமாக இருக்க வேண்டும் என்ற கணக்கு இதற்குள் இருக்கிறது. அல்ஜஸரீயின் நூலை வரிக்கு வரி நகலெடுத்துக்கொண்டு மட்டும் ஒரு சமுதாயம் நின்றிருந்தால் இந்தப் பம்பு தோன்றியிருக்காது.

நூலின் பிற்காலம் சற்று வருத்தமானது. அல்ஜஸரீயின் பிரதிகள் பல நூற்றாண்டுகள் படியெடுக்கப்பட்டன. பின்னர் படங்களின் அழகுக்காகச் சில பிரதிகளின் ஏடுகள் தனித்தனியே பிரிக்கப்பட்டு விற்கப்பட்டன. 1315ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றின் ஏடுகள் இன்று வெவ்வேறு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. யானையும் மயிலும் சுவரில் தொங்கின. பம்பின் விளக்கத்தைத் தேடியவர் குறைவு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடமன், ஹவுசர் என்ற ஜெர்மானியர் இருவர் அதை ஆராய்ந்து எழுதினர். பின்பு டொனால்ட் ஹில் என்ற ஆங்கிலப் பொறியாளர் வந்தார். இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்காவில் பணியாற்றி, ஈராக்கில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்து, அரபி கற்றவர் அவர். முழு நூலையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1974இல் வெளியிட்டார். பனூ மூஸாவின் நூலையும் 1979இல் பெயர்த்தார். அலெப்போவில் அஹ்மது யூசுஃப் அல்ஹஸன் அரபி மூலத்தைப் பதிப்பித்ததும் அதே ஆண்டுகளில்தான்.

1976இல் லண்டனில் இஸ்லாமிய உலகத் திருவிழா நடந்தபோது, அறிவியல் அருங்காட்சியகத்தார் அல்ஜஸரீயின் பெரிய கோட்டைக் கடிகாரத்தை நூலில் உள்ளபடியே செய்து நிறுத்தினர். மிதவை, கூம்பு வால்வு, முழுவட்ட அளவுத் தட்டு எல்லாம் அவர் எழுதிய இடங்களில் அமைந்தன. நீர் ஊற்றினார்கள், 770 ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கியது.